பதினோரு சிவப்புக் கட்டங்கள்

“...அப்போ அந்த டீச்சர் பொய்க்காரின்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?”

“நான் முடிவு பண்ணல மேடம். டேஷ்போர்டு சொல்லுது.”

“வாயைத் திறந்து சொல்லுச்சா?”

“கலர்ல சொல்லுச்சு.”

“எங்க அக்கா கலருக்கெல்லாம் மயங்கற ஆள் இல்ல சார்,” என்றது மூன்றாவது குரல். “அவங்க குடை கூடச் சாம்பல் நிறம்தான்.”

பள்ளியின் செயலாளர் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனைத் திரும்பிப் பார்த்தார். மூக்கின் மேல் இரண்டு தடித்த கண்ணாடி வட்டங்கள். சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை அறுத்து ஒட்டவைத்தது போல இருந்தன. அதனாலேயே அவன் பெயர் சோடா. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே அவ்வப்போது மறந்துவிடும்.

அவனுடைய அக்கா, அதாவது பெரியம்மா மகள், எதிர் நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளையும் பொய்ச் சாவுகளையும் தோண்டி எடுத்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். கேள்வி சின்னதாக இருக்கும். உள்ளே இறங்கிய பிறகுதான் வலிக்கும். எல்லோருக்கும் அவள் ஊசி.

செயலாளர் அறையின் ஒரு சுவர் முழுக்கத் திரை. அதுதான் அந்த டேஷ்போர்டு. அதில் நானூறு சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிள்ளை. நன்றாகப் படித்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், தோற்றால் சிவப்பு. தள்ளி நின்று பார்த்தால் மலை உச்சியிலிருந்து பார்க்கும் வயல்வெளி மாதிரி அழகாகத்தான் இருந்தது. கீழ் வலது மூலையில் மட்டும் யாரோ வரப்பில் நெருப்பு வைத்துவிட்டுப் போனது போலப் பதினோரு சிவப்புக் கட்டங்கள்.

“ஏழாம் வகுப்பு, கணக்கு,” என்றார் செயலாளர். “ரொம்பப் பின்தங்கின பதினோரு பேரைப் பிரிச்சு, ஒன்பதாம் நம்பர் அறையில ஸ்பெஷல் கிளாஸ் வெச்சோம். தினசரிப் பயிற்சி மார்க்கை டீச்சரே ஏத்துவாங்க. அஞ்சே மாசத்துல இருபதுல இருந்து எழுபத்தெட்டுக்கு வந்துட்டாங்கன்னு அந்தம்மா ஏத்தின மார்க் சொல்லுது. ஆனா போன வாரம் வந்த பருவப் பரீட்சையில பதினோரு பேரும் ஃபெயில். ரெண்டுல ஒண்ணு பொய். பரீட்சைத் தாளைத் திருத்தினது வேற பள்ளிக்காரங்க. பொய் சொல்ல அவங்களுக்கு அவசியமே இல்ல. மிச்சம் யாரு?”

“டீச்சர் என்ன சொல்றாங்க?”

“என்ன சொன்னா என்ன? நாளைக்குக் காலைல ஆய்வுக்குழு வருது. இன்னிக்கு நாலு மணிக்கு நிர்வாகக் கூட்டம். ராஜினாமாக் கடிதம் டைப் பண்ணி அவங்க கையில கொடுத்தாச்சு. கையெழுத்துப் போட்டா மரியாதையாப் போகலாம். இல்லன்னா பொய் மார்க் ஏத்தினதா எழுதி டிஸ்மிஸ். அதுக்கப்புறம் எந்தப் பள்ளியும் வாசல்லகூட நிக்க விடாது. உங்க அறிக்கை பின்னால இருந்தா எனக்கு ஒரு பலம்.”

ஊசி எழுந்தாள்.

“உங்களுக்கு வேண்டியது அறிக்கையா, ரப்பர் ஸ்டாம்பா சார்? ஸ்டாம்புன்னா கடையில கிடைக்கும். என்னைவிட விலை கம்மி.”

“மேடம்...”

“நாலு மணிக்கு வர்றேன். நான் கொண்டு வர்றது உங்களுக்குப் பிடிக்காமப் போகலாம். அப்பவும் அதைத்தான் எழுதுவேன்.”

வெளியே வந்ததும் சோடா மணி பார்த்தான். ஒன்று பத்து.

“அக்கா, கூலி கொடுக்கறவரையே குத்திட்டு வர்றீங்க. நாளைக்கு நமக்குச் சாப்பாடு?”

“நாளைக்குப் பத்தி நாளைக்கு. அந்தம்மாவுக்கு இன்னிக்கே மூணு மணி நேரம்கூட இல்ல.”

*

ஒன்பதாம் நம்பர் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்கியதால், பின்வரிசையில் குள்ளமான பிள்ளைகள்தான் உட்கார முடியும். மதிய இடைவேளை, பிள்ளைகள் வெளியே. கணக்கு டீச்சர் மட்டும் மேசை முன் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சுண்ணாம்புத் தூள்.

ஊசி தாங்கள் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று ஒளிக்காமல் சொன்னாள். பிறகு டீச்சர் கையிலிருந்த தாளைச் சுட்டிக் காட்டினாள். அதன் மேல் முழுக்கப் பின்னங்கள்.

“என்ன இது?”

“ராஜினாமாக் கடிதம். நல்ல தாள். பின்பக்கம் காலியா இருந்துச்சு, வீணாக்குவானேன்.”

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். “டீச்சர், என்னையும் உங்க கிளாஸ்ல சேர்த்துக்குவீங்களா?”

“வயசு?”

“இருபத்தாறு.”

“பின்னம் கூட்டத் தெரியுமா?”

“பின்வரிசையில தூங்கத் தெரியும்.”

டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

“பொய் மார்க் ஏத்தினீங்களா?” என்று ஊசி கேட்டாள்.

“இல்ல.”

“எப்படி நம்பறது?”

டீச்சர் தன் டேப்லெட்டை எடுத்தாள். செயலாளர் அறைச் சுவரில் இருந்த அதே கட்டங்கள், உள்ளங்கை அளவில். ஒரு சிவப்புக் கட்டத்தை விரலால் அமுக்கினாள். கட்டம் விரிந்தது. உள்ளே பன்னிரண்டு படிகள். ஒவ்வொரு படியிலும் தேதி.

“இது ஒரு பையன். வகுத்தல்ல மீதி வந்தாலே பயந்துடுவான். அஞ்சாவது படியில மூணு வாரம் நின்னான். அந்த மூணு வாரமும் அவனுக்கு மீதி வர்ற கணக்கு மட்டும்தான் கொடுத்தேன். இது ஒரு பொண்ணு. கணக்கு வரும், ஆனா கேள்வியை முழுசாப் படிக்க மாட்டா. அவளுக்கு வேற மருந்து. மேல சுவத்துல தொங்கறதும் இதே பலகைதாங்க. நல்ல பலகை. ஆனா அவங்க ஒரு நாளும் அமுக்கிப் பார்க்கறதில்ல. தூர நின்னு கலரைப் பார்த்துட்டு யாரை நிறுத்தலாம்னு யோசிப்பாங்க. நான் அமுக்கிப் பார்த்து, நாளைக்கு யாருக்கு என்ன சொல்லித் தரணும்னு யோசிப்பேன்.”

“அப்புறம் ஏன் தோத்தாங்க?”

டீச்சரின் விரல் திரையிலேயே நின்றது.

“தெரியல. அஞ்சு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கல. பிள்ளைங்களைக் கேட்டேன். ‘ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு டீச்சர்’னு சொன்னாங்க.”

“யார் சொன்னாங்க?”

“எல்லாரும்.”

“பதினோரு பேரும் அதே மாதிரியா?”

“அதே மாதிரி.”

“எங்க வீட்ல மூணே பேரு,” என்றான் சோடா. “மூணு பேரும் ஒரே மாதிரி டீ குடிச்சது கிடையாது.”

ஊசி அவனைப் பார்த்த பார்வையில் அபூர்வமான ஒரு பாராட்டு இருந்தது. “தாள்களைப் பார்த்தீங்களா டீச்சர்?”

“எங்ககிட்ட தர மாட்டாங்க. மார்க் பலகையில ஏறிடுச்சுன்னா கட்டு அப்படியே அலமாரிக்குப் போயிடும். யாரும் பிரிக்கறதில்ல.”

“கடிதத்துல கையெழுத்து?”

“போட மாட்டேன். நாலு மணிக்குக் கூட்டத்துல எழுந்து நின்னு கேப்பேன். தூக்கணும்னா தூக்கட்டும். நானாப் போனேன்னு மட்டும் இருக்கக் கூடாது.”

*

மார்க்குகளைக் கணினியில் ஏற்றுகிற பெண்மணியைப் பள்ளியே ‘டேட்டா அம்மா’ என்று அழைத்தது. யாரோடு பேசினாலும் அவள் விரல்கள் காற்றில் தட்டிக்கொண்டே இருந்தன.

“நீங்க தப்பா அடிச்சிருக்கலாமேம்மா?” என்று சோடா தன் சந்தேகத்தைப் பக்குவமாக எடுத்து வைத்தான். “அறுபத்து மூணை முப்பத்தாறுன்னு...”

“நான் ஒரு எண் தப்பா அடிச்சிருந்தாலும் இந்த விரலை வெட்டிக்கறேன்!”

“ஐயோ வேண்டாம்மா, அப்புறம் எதை வெச்சு அடிப்பீங்க?”

அவள் அலமாரியைத் திறந்து ஒரு கட்டை எடுத்து மேசையில் போட்டாள். தூசி எழுந்தது. சணல் கயிற்றின் முடிச்சில் அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது.

“இந்தப் பலகை வந்து மூணு வருஷமாச்சு. தாளோட அட்டையில போட்ட மொத்த மார்க் தனிப் பட்டியலா வரும், நான் அதைப் பார்த்து ஏத்துவேன். தாளைப் பிரிச்சுப் பார்க்கணும்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்.”

ஊசி முத்திரையை உடைத்துப் பதினோரு தாள்களை வரிசையாகப் பரப்பினாள். அட்டையில் இருந்த எண்ணும் கணினியில் இருந்த எண்ணும் ஒவ்வொன்றாகப் பொருந்தின. சோடாவின் சந்தேகம் அங்கேயே உயிரை விட்டது. டேட்டா அம்மா வெற்றியுடன் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“மார்க்கை வரிசையாப் படிடா.”

“முப்பத்து நாலு. முப்பத்து மூணு. முப்பத்து நாலு. முப்பத்து ரெண்டு. முப்பத்து நாலு. முப்பத்து ஒண்ணு. முப்பத்து மூணு. முப்பத்து நாலு. முப்பத்து ரெண்டு. முப்பத்து நாலு. முப்பத்து மூணு.” படித்து முடித்தவன் நிமிர்ந்தான். “என்னக்கா இது, ஒரே பஸ்ல ஏறி ஒரே ஸ்டாப்புல இறங்கியிருக்காங்க?”

“பாஸ் மார்க் எவ்வளவும்மா?”

“முப்பத்தஞ்சு.”

“ஒருத்தன்கூடப் பத்து வாங்கல. ஒருத்தன்கூட இருபது வாங்கல. தெரியாம எழுதறவன் தாறுமாறா விழுவான். இவங்க எல்லாரும் வாசப்படிக்கு ஒரு அடி முன்னாடி வரிசையா நின்னுட்டாங்க. இவ்வளவு குறி பார்த்துத் தோத்தவங்களை நான் பார்த்ததே இல்ல.”

அவள் ஒரு தாளை இழுத்தாள்.

“இதைப் பாரு. முதல் கேள்வி. அரையும் காலும் கூட்டினா எவ்வளவு? பையன் மேல இருக்கறதைக் கூட்டி, கீழ இருக்கறதைக் கூட்டி, ஆறில் இரண்டுன்னு எழுதியிருக்கான். தப்பு.”

“தப்பா?” என்றான் சோடா, கொஞ்சம் கவலையுடன்.

“கடைசிக் கேள்விக்கு வா. ஒரு குழாய் ஆறு மணி நேரத்துல தொட்டியை நிரப்பும், இன்னொண்ணு மூணு மணி நேரத்துல. ரெண்டையும் திறந்துவிட்டா எவ்வளவு நேரம்? பையன் ரெண்டு மணி நேரம்னு சரியா எழுதியிருக்கான். எப்படிப் போட்டான்? ஆறில் ஒண்ணையும் மூணில் ஒண்ணையும் கூட்டி, அரைத் தொட்டின்னு கொண்டு வந்திருக்கான். முதல் பக்கத்துல பின்னம் கூட்டத் தெரியாதவன், கடைசிப் பக்கத்துல பின்னத்தைக் கூட்டித் தொட்டியையே நிரப்பிட்டான்.”

டேட்டா அம்மாவின் விரல்கள் நின்றன.

“காப்பியடிச்சிருப்பானோ?” என்றாள்.

“அதுக்குப் பதில் ஓரத்துல இருக்கு. ஒவ்வொரு தாள்லயும் இந்த இடது ஓரத்தைப் பாருங்க.”

சோடா கண்ணாடி தாளில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தான். ஓரத்தில், பென்சிலால், எறும்பு ஊர்ந்தது போல எண்கள். நான்கு. ஒன்பது. பதினான்கு. இருபத்திரண்டு. இருபத்தாறு. முப்பத்து நான்கு.

“ஏதோ போன் நம்பர் மாதிரி...”

“கடைசி எண்ணைப் படி. அப்புறம் அட்டையைப் பாரு.”

முப்பத்து நான்கு. அட்டையிலும் முப்பத்து நான்கு. அடுத்த தாள். முப்பத்து மூன்று, அட்டையிலும் அதே. அடுத்தது. அதற்கடுத்தது. ஒரே ஒரு தாளில் ஓரத்தில் முப்பத்து மூன்று, அட்டையில் முப்பத்து இரண்டு. அலகு எழுத மறந்ததற்குத் திருத்தியவர் ஒரு மார்க் குறைத்திருந்தார்.

சோடா மெதுவாக நிமிர்ந்தான். அவனுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

“திருத்தறவர் பார்க்கறதுக்கு முன்னாடியே மார்க் தெரிஞ்சிருக்கு.”

“ஒவ்வொரு சரியான விடைக்கும் எத்தனை மார்க்னு கூட்டிக்கிட்டே வந்திருக்காங்க. முப்பத்தஞ்சு வர்றதுக்கு முன்னாடி பிரேக்கைப் போட்டிருக்காங்க. ஓரத்துல ஏன் போட்டாங்க? அவங்க டீச்சர் அப்படித்தான் பழக்கியிருக்காங்க. கணக்கை மனசுல போடாதே, ஓரத்துல போடு, அழிக்காதே. திருடப் போன இடத்துலயும் சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைங்க.”

ஊசி டேட்டா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“முப்பத்தஞ்சுக்குக் கீழ போனா என்ன ஆகும்?”

“சிவப்பு. ஸ்பெஷல் கிளாஸ் தொடரும்.”

“முப்பதுக்குக் கீழ?”

“வீட்டுக்குப் போன் போகும். அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரணும்.”

“எல்லாரும் முப்பத்தஞ்சைத் தாண்டிட்டா?”

“ஸ்பெஷல் கிளாஸ் தேவையில்லன்னு அர்த்தம். அறையை மூடிட்டு டீச்சரை இதே நிர்வாகத்தோட வேற பள்ளிக்கு மாத்திடுவாங்க. போன வருஷம் பக்கத்துப் பத்தாம் நம்பர் அறையில வாசிப்பு டீச்சர் இருந்தாங்க. எழுத்துக் கூட்டத் தெரியாத பசங்களைக் கதைப் புத்தகம் படிக்க வெச்சுட்டாங்க. பலகை பச்சையாச்சு. கைதட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க. அடுத்த திங்கட்கிழமை அந்தம்மா இல்ல. இப்போ அந்த அறையில உடைஞ்ச நாற்காலி கிடக்கு. அந்தப் பசங்க வாசிப்புல மறுபடி மஞ்சளுக்கு வந்துட்டாங்க.”

“அந்த வாசிப்பு வகுப்புல இருந்தவங்க யார் யாரு?”

விரல்கள் பறந்தன. திரையில் பட்டியல் வந்தது. டேட்டா அம்மா அதைப் பார்த்தாள். மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

“இந்தப் பதினோரு பேர்ல எட்டு பேர்,” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

*

மணி மூன்று. டீச்சரை ஆசிரியர் அறையில் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். ஒன்பதாம் நம்பர் அறையில் பதினோரு பிள்ளைகள் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட பெண் கைகளைக் கட்டிக்கொண்டு ஊசியை நேருக்கு நேர் பார்த்தாள். அவளை எல்லோரும் குட்டி வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது வாசலிலேயே தெரிந்துவிட்டது.

“நாங்க எதுவும் சொல்ல மாட்டோம். பரீட்சை கஷ்டமா இருந்துச்சு. அவ்வளவுதான்.”

“நான் எதுவுமே கேக்கலையேம்மா,” என்றாள் ஊசி. “சோடா, சும்மாதானே நிக்கற. போர்டுல அரையும் காலும் கூட்டிக் காட்டு.”

சோடா சுண்ணாம்புக் கட்டியை எடுத்தான். நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினான். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழே இரண்டும் நான்கும் ஆறு. ஆறில் இரண்டு. கீழே ஒரு கோடு போட்டு, அழகுக்கு ஒரு வட்டமும் இழுத்தான்.

அறையில் ஒரு நெளிவு ஓடியது. ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஒருவன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஜன்னலோரப் பையன் உதட்டைக் கடித்தான்.

“ஆறில் இரண்டுன்னா,” சோடா உற்சாகமாகத் தொடர்ந்தான், “மூணில் ஒண்ணு. ஆக, அரையும் காலும் சேர்த்தா மூணில் ஒண்ணு!”

“ஐயோ அண்ணா!” ஜன்னலோரப் பையன் எழுந்தே விட்டான். “ஏற்கெனவே அரை இருக்கு, அதோட இன்னும் கால் சேர்க்கறீங்க. அரையைவிடக் கம்மியா எப்படிண்ணா வரும்?”

“டேய், உட்காருடா!” என்று குட்டி வக்கீல் சீறினாள். காலம் கடந்துவிட்டது.

ஊசி அவன் பெயரைக் கேட்டு, கையோடு கொண்டு வந்திருந்த தாள்களில் அவனுடையதை எடுத்து மெல்ல விரித்தாள். “பரீட்சையில நீயும் இதையேதானே எழுதின ராசா?”

பையன் தலை குனிந்தது. சோடா போர்டையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நல்லா நடிச்சே,” என்றாள் ஊசி.

“நான் நடிக்கலக்கா,” என்றான் அவன் பரிதாபமாக. பின்வரிசையில் இரண்டு பேர் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். பூட்டு உடைந்துவிட்டது.

குட்டி வக்கீல்தான் பேசினாள். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

“ஆமா, வேணும்னேதான் தோத்தோம். வாசிப்பு டீச்சர் இருந்தப்போ எல்லாரும் ராத்திரி பகலாப் படிச்சுப் பச்சை வாங்கிக் கொடுத்தோம். வாங்கினதும் அவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நல்லாப் படிச்சதுக்கு இதுதான் பரிசுன்னா, எங்களுக்கு வேண்டாம். முப்பதுக்குக் கீழ போனா வீட்ல அடி. முப்பத்தஞ்சு போனா டீச்சர் போயிடுவாங்க. நடுவுல ஒரு சின்ன இடம் இருந்துச்சு. அங்க நின்னுக்கிட்டோம்.”

“அப்புறம் தினசரிப் பயிற்சியில மட்டும் ஏன் சரியாப் போட்டீங்க? அங்கேயும் தோத்திருந்தா யாருக்கும் சந்தேகமே வந்திருக்காதே.”

பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலோரப் பையன்தான் சொன்னான்.

“அங்க டீச்சர் பக்கத்துல வந்து நிப்பாங்க அக்கா. தப்பாப் போட்டா அவங்க முகம் வாடிப் போயிடும். அதை எப்படிப் பார்க்கறது?”

ஊசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மைதானத்தில் யாரோ விட்டுப் போன பந்து காற்றில் தானாக உருண்டுகொண்டிருந்தது. திரும்பியபோது அவள் குரல் வழக்கமான குரல்தான்.

“தினமும் நீங்க எடுத்த நல்ல மார்க்கும், பரீட்சையில எடுத்த கெட்ட மார்க்கும் பலகையில பக்கத்துப் பக்கத்துல நிக்குது. அதைப் பார்த்துட்டு, உங்க டீச்சர் பொய் மார்க் ஏத்திட்டாங்கன்னு முடிவு பண்ணியிருக்காங்க. நாலு மணிக்கு வேலையை விட்டுத் தூக்கறாங்க.”

குட்டி வக்கீலின் கட்டிய கைகள் அவிழ்ந்தன.

“சிவப்பா இருந்தா டீச்சர் இருப்பாங்கதானே?”

அவள் கொஞ்ச நேரம் போர்டில் இருந்த தப்புக் கணக்கையே பார்த்தாள். எழுந்து போய் அதை அழித்தாள். பிறகு கைத் தூசியைத் தட்டிக்கொண்டு கேட்டாள்:

“கூட்டம் எந்த அறையிலக்கா?”

*

நீள மேசை. ஒரு முனையில் செயலாளர். பக்கத்தில் தலைமையாசிரியர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. மறுமுனையில் டீச்சர், உட்காரச் சொல்லியும் உட்காராமல்.

ஊசி பத்தே நிமிடத்தில் முடித்தாள். தாள்களைப் பரப்பினாள், ஓரத்து எண்களைக் காட்டினாள், தொட்டியை நிரப்பினாள். “டீச்சர் ஏத்தின ஒவ்வொரு மார்க்கும் நிஜம். பரீட்சை மார்க்தான் பொய். அந்தப் பொய்யைச் சொல்ல வெச்சது உங்க சட்டம்.”

டீச்சர் ஒரு தாளை எடுத்தாள். ஓரத்தில் இருந்த பென்சில் எண்களை விரலால் தடவினாள். அவளுக்குக் கோபமா அழுகையா என்று சோடாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“முப்பத்து நாலு,” என்றாள் தனக்குத்தானே. “எனக்காக.”

செயலாளர் முகம் மலர்ந்தது. அதுதான் யாரும் எதிர்பார்க்காதது.

“அருமை மேடம்! அப்போ பசங்களுக்குக் கணக்கு வருது! டீச்சர் மேல தப்பே இல்ல. குற்றச்சாட்டை இப்பவே கிழிச்சுடறேன். சார், உடனே ஒரு மறுபரீட்சை வெச்சிடலாம், அரை மணி நேரம். சாயங்காலமே மார்க்கை ஏத்திட்டா நாளைக்கு ஆய்வுக்குழு வரும்போது சுவர் முழுக்கப் பச்சை.” அவர் டீச்சரைப் பார்த்துப் புன்னகைத்தார். “பாராட்டுக் கடிதமும் தர்றோம். ஸ்பெஷல் கிளாஸ் வேலை வெற்றிகரமா முடிஞ்சது. திங்கட்கிழமை முதல் நீங்க வேற பள்ளி.”

சோடா ஊசியின் காதருகே குனிந்தான். “அக்கா, நாம இப்போ ஜெயிச்சோமா தோத்தோமா?”

கேஸ் முடிந்துவிட்டது. உண்மை வெளியே வந்துவிட்டது. அது வந்த வழியிலேயே டீச்சரையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது.

“சார், நான் சொன்னது உங்க காதுல ஏறவே இல்ல,” என்று அவள் ஆரம்பித்தபோது கதவு தட்டப்பட்டது. யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பதினோரு பேரும் வந்தார்கள்.

“மறுபரீட்சைதானே சார்? எழுதறோம்,” என்றாள் குட்டி வக்கீல்.

“பாத்தீங்களா, எவ்வளவு நல்ல பிள்ளைங்க!” தலைமையாசிரியர் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்த வேறு கேள்வித்தாள்களைச் செயலாளர் வாங்கித் தானே விநியோகித்தார். பெரியவர்களின் நாற்காலிகளில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள். பாதிப் பேருக்குக் கால் தரையைத் தொடவில்லை. பதினோரு பேனாக்களை மேசையில், தங்களுக்கு முன்னால், ஒரே கோட்டில் வைத்தார்கள். யாரும் மூடியைத் திறக்கவில்லை.

“நீங்கதான் எனக்காகத் தோத்தீங்களா?” டீச்சர் கேட்டாள். “நான் உங்களுக்குத் தோக்கவா சொல்லிக் கொடுத்தேன்?”

“இல்ல டீச்சர். யோசிக்கச் சொல்லிக் கொடுத்தீங்க.”

“எழுதுங்க. நூறு எடுங்க. நான் எங்க இருந்தாலும்...”

“டீச்சர், நீங்க இப்போ சாட்சி. நடுவுல பேசக் கூடாது.”

தலைமையாசிரியரின் கைக்குட்டை கழுத்திலேயே நின்றுவிட்டது. சோடாவுக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஊசி அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

“ஆரம்பிங்க, ஆரம்பிங்க. நேரம் ஆகுது,” என்றார் செயலாளர்.

“ஆரம்பிக்கலாம் சார்.” குட்டி வக்கீல் நாற்காலியை விட்டு இறங்கினாள். மேசையைச் சுற்றி நடந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். கையில் ஒரு நோட்டுத் தாள். நான்கே வரி. எல்லா எழுத்தும் பிழையில்லாமல், நிதானமாக எழுதப்பட்டிருந்தது. அதை அவர் முன்னால் வைத்து, சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிட்டாள். “உங்களுக்கு நாளைக்குக் காலைல பச்சை வேணும். எங்களுக்கு அடுத்த வருஷமும் டீச்சர் வேணும். பச்சையானாலும் ஒன்பதாம் நம்பர் அறையை மூட மாட்டோம், டீச்சரை மாத்த மாட்டோம்னு இதுல எழுதியிருக்கோம். நாங்க எங்க பேனாவைத் திறக்கறதுக்கு முன்னாடி, நீங்க உங்க பேனாவைத் திறந்து இங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார்.”